‘வா’ என்றால் போ

போர்ச்சுகலுக்கு வந்த புதிதில், எனக்கு அறை வாடகைக்கு விட்ட லூர்தஸ் அம்மாள் ஒரு சாவியை நீட்டி “ஷாவி” என்றார். ஜன்னலைத் திறந்து “ஜனெலா” என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்ட, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். எங்கள் வீட்டில் இப்படித்தான் பேசுவோம் என்றேன். அவர் நம்பவில்லை. எங்கள் ஊரான மணப்பாட்டில் முன்னோர் ஞானஸ்நானம் வாங்கிய காலத்தில் இவர்களுடைய கப்பல்களில் வந்த சொற்கள் இவை என்று விளக்க எனக்கு மொழி போதவில்லை. ஆனால் பாதி மொழி ஏற்கெனவே கைவசம் இருக்கிறது என்று ஒரு தைரியம் வந்துவிட்டது.

வேலை மீன்பிடிப் படகில். படகின் தலைவரை இங்கே மெஸ்த்ரே என்பார்கள். நம் ஊரில் கட்டட வேலையைப் பார்க்கும் மேஸ்திரியும் அதே சொல்தான். ஒரு நாள் வலை இழுக்கும் இரும்புக் கயிறு விறைத்து நின்றபோது, மெஸ்த்ரே என்னைப் பார்த்து “வா! வா!” என்று கத்தினார். அவசரமாகக் கூப்பிடுகிறார் என்று அவரை நோக்கி ஓடினேன். கயிற்றைத் தாண்டக் காலெடுத்தபோது, கூட வேலை செய்யும் அடெலினோ என் மழைச்சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் போட்டான். கயிறு அறுந்து, எனக்கு முன்னால் இருந்த மீன்பெட்டிகளைச் சிதறடித்தது.

“போ என்று கத்துகிறேன், நீ ஏன் ஓடி வருகிறாய்?” என்றார் மெஸ்த்ரே.

அவர்கள் மொழியில் ‘வா’ என்றால் போ. எங்கள் மொழியில் அது கூப்பிடும் சொல் என்று சைகையும் அரைகுறைப் பேச்சுமாகச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சாவி கடல் கடந்து நம்மிடம் வந்த சொல். ‘வா’ எங்கிருந்தும் வரவில்லை, தற்செயலாக ஒலி ஒத்துப்போனது. இரண்டையும் காதால் பிரித்தறிய முடியாது. அதன்பிறகு மெஸ்த்ரே என் பெயரைச் சொல்லித்தான் கத்துகிறார், கையால் திசையும் காட்டுகிறார்.

போன வாரம் கரையில் வலையைச் சரிசெய்துகொண்டிருக்கையில், ஊருக்கு எப்போது போகிறாய் என்று அவர் கேட்டார். கிறிஸ்துமஸுக்குப் போகிறேன் என்றேன். சாயங்காலம் மணப்பாட்டிலிருந்து மனைவி ரீட்டா போன் செய்தாள்.

“எப்ப வாரிய?”

“கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போறேன்.”

போனில் அலைச் சத்தம் கேட்டது. அவள் பக்கத்துக் கடலா, என் பக்கத்துக் கடலா, தெரியவில்லை.

“போறேன்னா எங்க போறிய?” என்றாள். “நான் இங்கனல்லா இருக்கேன்.”