சிரிலின் அம்மா

ஊர் எல்லையில் ஹில்டாவின் படத்தைப் பலகையில் மாட்டாத குறைதான். மாகாணத்திலேயே மிக வயதானவள் எங்கள் ஊர்க்காரி என்று மேயர் போகுமிடமெல்லாம் மார்தட்டுவார். அதில் அவள் செய்த சாதனை என்னவென்று யாரும் கேட்டதில்லை. சாகவில்லை, அவ்வளவுதான்.

பதினைந்து வயதில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மில் வேலையை விட்டு, வீட்டுவேலைக்கென்று கனடாவுக்குக் கப்பலேறி வந்தவள். கோதுமைப் பண்ணைக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். மழை பொய்த்துப் புழுதி பறந்த வருஷங்களில் ஒரு குழந்தையைப் பறிகொடுத்தாள். பிறகு புருஷன், பெரிய மகன், மகள். மிச்சம் கடைக்குட்டி சிரில் மட்டும். கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டு, எழுபத்தெட்டு வயதில் அம்மா இருந்த முதியோர் இல்லத்திலேயே அவனும் வந்து சேர்ந்தான். மத்தியானம் சீட்டாட வருவான். தோற்றால் சின்னப் பிள்ளை மாதிரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். ஹில்டா உயிரோடிருந்ததற்குக் காரணம் ஏதாவது உண்டென்றால் அது அந்த மூஞ்சிதான்.

அவளுடைய நூற்றுப் பன்னிரண்டாவது பிறந்தநாள் நெருங்கும்போது அவன் வரவில்லை.

"மாமாவுக்குச் சளி பாட்டி. உங்களுக்கு ஒட்டிக்கும்னு வர வேணாம்னுட்டாங்க" என்றாள் லோர்னா, செத்துப்போன மகளின் மகள்.

சனிக்கிழமை விழா. ஊரே இல்லத்துக் கூடத்தில் திரண்டிருந்தது. ஆளாளுக்கு கேக் கொண்டுவந்தார்கள். டிவிக்காரப் பெண் ஹில்டாவின் வாயருகே மைக்கை நீட்டி, "இவ்வளவு நாள் வாழ என்ன ரகசியம்மா?" என்று குழைந்தாள். அந்த நேரம் பார்த்து ஊர்க்காரி வீரா கோவல்சக் உள்ளே வந்தாள். கையில் பன்றித்தொடையும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட பெரிய தட்டு. லோர்னாவைக் கட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த ஊரில் பிறந்தநாளுக்கு யாரும் அந்தத் தட்டைத் தூக்கிவர மாட்டார்கள். அது எழவு வீட்டுக்குப் போகிற தட்டு. நல்ல மனசுதான், பழக்கதோஷத்தில் கை அதையே செய்துவிட்டது.

ஹில்டா மைக்கைத் தள்ளினாள்.

"லோர்னா, சிரில் எப்ப போனான்?"

"வியாழக்கிழமை பாட்டி. விழா முடியட்டும்னு..."

"முடிஞ்சதும் சொல்லியிருப்பியா?"

"தரையெல்லாம் உறைஞ்சு கெடக்கு. மே மாசம்தான் பொதைப்பாங்க. அதுக்குள்ள எப்படியும் நீங்க..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். டிவிப் பெண் தரையைப் பார்த்தாள்.

"நானும் போயிடுவேன். ஒரே செலவா முடிச்சுக்கலாம்னு பாத்தியா? கெட்டிக்காரிடி நீ. என்னை அவன்கிட்ட கூட்டிட்டுப் போ."

"வெளிய மைனஸ் முப்பது டிகிரி குளிர் பாட்டி! டிவிக்காரங்க வேற வந்து..."

"அவங்களுக்கு கேக்கை வெட்டிக் குடு."

கடைசியில் லோர்னாதான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். பனி உருகும்வரை பிணங்களை வைத்திருக்கும் செங்கல் கொட்டடி கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் இருந்தது. சவ அடக்கக்காரர் முர்டாக் பெட்டியைத் திறக்கத் தயங்கினார். ஹில்டா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்தார்.

இல்லத்துப் பைஜாமாவோடு கிடந்தான் சிரில். தலை வாரவில்லை. முகமெல்லாம் வெள்ளை முள்தாடி.

"வெள்ளாமை கெட்ட வருஷத்துலகூட இவன் சவரம் பண்ணாம வெளிய வந்ததில்ல. ஏன்யா இப்படிப் போட்டு வெச்சிருக்க?"

முர்டாக் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகினார். "யாரும் பாக்க வர மாட்டாங்க, மூடியே வெச்சிடுங்கன்னாங்கம்மா."

லோர்னா வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. ஹில்டாவுக்கு அவளைத் திட்டக்கூடத் தோன்றவில்லை. மகன் அனாதைப் பிணமாகக் கிடக்க, ஊர் அவளுக்கு பலூன் ஊதியிருக்கிறது.

"வெந்நீரும் ரேசரும் கொண்டாய்யா."

கொண்டுவந்தார். அவளுடைய விரல்களில் ரேசர் நிற்கவில்லை. இரண்டு தரம் நழுவியது. கடைசியில் முர்டாக் வாங்கி மழித்தார். முடிகிறவரை ஹில்டா மகனின் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.