அம்புக்குறி ஒட்டிய மொபட்

எங்கள் வீட்டு மொபட்டை நேராக நிறுத்தி மிதித்தால் அது ஸ்டார்ட் ஆகாது. பெட்ரோல் குழாயைத் திறந்துவிட்டு வண்டியை இடது பக்கம் நன்றாகச் சாய்க்க வேண்டும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் இறங்கும் மெல்லிய சத்தம் கேட்ட பிறகு நிமிர்த்தி, ஸ்டாண்டு போட்டு, பெடலை மிதிக்க வேண்டும். மழைக்காலத்தில் பிளக்கைக் கழற்றிப் பனியன் வேஸ்ட் துணியில் துடைக்கிற வேலையும் சேர்ந்துகொள்ளும். இவ்வளவும் செய்த பிறகும் சில நாள் வராது. அப்போது என் வீட்டுக்காரர் டேங்கைத் தட்டி, "இன்னைக்கு நாச்சியாருக்கு மனசில்ல" என்பார். நாங்கள் தென்காசிப் பக்கத்திலிருந்து இந்தப் பனியன் கம்பெனி ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள். ஊரை விட்டு வந்து எத்தனையோ வருடம் ஆன பிறகும் அவர் பேச்சு மாறவே இல்லை.

அவர் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷினில் இருந்தவர். கம்பெனிப் படிக்கட்டில் விழுந்து இடது முழங்காலுக்குள் பிளேட் வைத்த பிறகு நாள் முழுக்க நிற்க முடியாமல் போனது. இடது கால் கியர் மாற்ற ஒத்துழைக்காது. கியர் இல்லாத புது ஸ்கூட்டர்களோ கனம். நிற்கும்போது சாய்ந்தால் அந்தக் காலால் தாங்க முடியாது. மொபட் ஒன்றுதான் அவர் கைக்கு அடங்கும். அதில் அவருக்கு ஒரு வேலையும் அமைந்தது. தைத்த சட்டைகளைக் கம்பெனியிலிருந்து பண்டில் பண்டிலாக எடுத்துப்போய், நூல் பிசிறு வெட்டும் பெண்களின் வீடுகளில் கொடுத்து, மறுநாள் வாங்கி வர வேண்டும். ராயபுரம் சந்துகளிலிருந்து ஊருக்கு வெளியே லைன் வீடுகள் வரைக்கும் அவருக்கு வாடிக்கை உண்டு. எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சில்லை என்றெல்லாம் அவருக்குத் தெரியும். ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு வந்து சொல்வார். நான் அதிகம் பேசாதவள் என்பதால் எங்கள் வீட்டில் பேச்சு என்பதே அந்த வண்டியில் ஏறி வந்ததுதான்.

வண்டி வழியில் நிற்காத வாரம் கிடையாது. நொய்யல் பாலத்தின் நடுவில் நின்றிருக்கிறது, சிக்னலில் நின்றிருக்கிறது. நின்றால் எஞ்சினைத் துண்டித்துவிட்டு, வலது காலால் பெடலை அழுத்தி ஓரம் சேர்ப்பார். பின்னால் ஹாரன் அடிப்பவர்களைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

ஒரு நாள் சோதனையில் போலீஸ் பிடித்தபோதுதான் வண்டியின் ஆர்.சி. பதிவுக் காலம் முடிந்துபோனது தெரிந்தது. முதல் தடவை புதுப்பித்தபோது வண்டியையும் புத்தகத்தையும் ஒரு புரோக்கரிடம் விட்டுவிட்டோம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்னென்ன பார்ப்பார்கள் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவும் இல்லை. இப்போது வண்டியோடு பண்டில்களும் ஸ்டேஷன் வாசலில் ஒரு பகல் முழுக்க வெயிலில் கிடந்தன. பண்டில் கொடுக்கும் கான்ட்ராக்டர் நல்ல மனிதர்தான். ஆனாலும் சொல்லிவிட்டார்.

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. எக்ஸ்போர்ட் சரக்குங்க. நாளைக்கு ஷிப்மென்ட் நின்னா நான் யாருக்குப் பதில் சொல்றதுங்க? எஃப்.சி. காட்டிட்டு வாங்க, பண்டில் உங்களுக்குத்தான்."

ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்ஷனில் வண்டி ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. கிடைத்தால் அவர் வெளியே போவார். கிடைக்காவிட்டால் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். அவ்வளவுதான் எங்களுக்கு விஷயம்.

நான் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். கறை, ஓட்டை, தையல் விட்ட இடம் என்று எதைக் கண்டாலும் அங்கே ஒரு சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஆல்ட்ரேஷனுக்குத் தள்ளிவிட வேண்டும். ஆல்ட்ரேஷன் டேபிளில் இருப்பவர்கள் என்ன, ஏன் என்று கேட்பதில்லை. அம்பு காட்டும் இடத்தைச் சரிசெய்துவிட்டு ஸ்டிக்கரைப் பிய்த்துப் போடுவார்கள். வாயைத் திறக்கவே தேவையில்லாத வேலை. எனக்கு அது பிடித்துப்போனதற்கும் அதுதான் காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டிக்கர் ஷீட்டை எடுத்துக்கொண்டு மொபட்டின் முன்னால் உட்கார்ந்தேன். இன்ஸ்பெக்ஷன் என்ற வார்த்தைக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். சரக்கு வாங்கும் பையரின் ஆள் வந்து பார்க்கும்போது ஒரு குறைகூடக் கண்ணில் படக் கூடாது. மட்கார்டில் துரு, அம்பு. கால் வைக்கும் தகட்டில் விரிசல், அம்பு. இண்டிகேட்டர் கண்ணாடி உடைந்திருந்தது. பிரேக் கேபிள் பிரிந்திருந்தது. ஹாண்டில்பாருக்குக் கீழே கழுத்துக் குழாயில் ஒரு விரல் நீளத்துக்குத் துரு பொரிந்து மேடும் பள்ளமுமாக இருந்தது. அங்கேயும் ஒன்று ஒட்டினேன்.

அவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏ பிள்ள, என் வண்டிக்கு அம்மை போட்ருக்கா?"

"சும்மா இருங்க. பையர் வந்தா இப்படித்தான் பாப்போம்."

"அப்ப ஹாண்டில்ல ரெண்டு வேப்பிலையும் கட்டிரு."

கேபிளையும் கண்ணாடியையும் மெக்கானிக் மாற்றினார். தகட்டு விரிசலுக்கு வெல்டிங் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். வெல்டர் வண்டியைப் பார்த்ததுமே என் பக்கம் திரும்பினார்.

"அக்கா செக்கிங்குங்களா?"

நான் தலையாட்டினேன்.

"நானும் மொதல்ல ஆல்ட்ரேஷன்ல இருந்தவன்தானுங்க. நீங்க போயி டீ குடிச்சுட்டு வாங்க. ஸ்டிக்கர் இருக்குற எடம் பூரா நான் பாத்துக்கறேன்."

இந்த ஊரில் அந்த அம்புக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. டீக்கடையில் நின்றபடி நான் பட்டறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் மட்கார்டில் ஓடியது, பிறகு கழுத்துக் குழாயில் ஓடியது. தீப்பொறி பூவாகச் சிதறியது. நாங்கள் திரும்பியபோது எல்லா இடமும் மழுமழுவென்று, மேலே சில்வர் பெயிண்ட் அடித்து, காய வைத்திருந்தார். ஒரு ஸ்டிக்கர்கூட மிச்சமில்லை.

இன்ஸ்பெக்ஷன் அன்று நான் லீவு போட்டேன். மைதானத்தில் லாரிகளுக்கும் ஸ்கூல் வேன்களுக்கும் நடுவில் எங்கள் மொபட் நின்றது. பிரேக் இன்ஸ்பெக்டர் இளவயதுக்காரர். அவரைக் கண்டதும் நான் ஒரு வேனின் நிழலுக்கு ஒதுங்கிவிட்டேன்.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

என் வீட்டுக்காரர் சாய்த்தார், நிமிர்த்தினார், மிதித்தார். முதல் மிதியிலேயே பிடித்துக்கொண்டது. எனக்கே நம்ப முடியவில்லை. ஓட்டிப்போய்ப் பிரேக் அடித்துக் காட்டினார். லைட், ஹாரன், இண்டிகேட்டர் எல்லாம் வேலை செய்தன.

"பரவால்லயே, பெரியவரே. எங்கப்பாவும் இதுலதான் என்னைய ஸ்கூலுக்குக் கொண்டு விட்டாரு. இந்த வயசு வண்டி இவ்வளவு சுத்தமா நான் பாத்ததில்ல."

என் வீட்டுக்காரர் கூட்டத்தில் என்னைத் தேடிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நானும் சிரித்தேன்.

பிறகு உதவியாளர் ஒரு தாளும் பென்சிலும் கொண்டுவந்து கழுத்துக் குழாயின் மேல் தாளை வைத்துத் தேய்த்தார். கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடி தேய்த்தார். தாளில் வெறும் கறுப்புதான் ஏறியது.

"சார், சேசிஸ் நம்பர் இல்லைங்க."

இன்ஸ்பெக்டர் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது. "இங்க அடிச்சிருந்த நம்பர் எங்க? யாரு தேச்சது?"

எதற்கும் ஒரு சொல் வைத்திருக்கும் மனிதர் அந்தக் குழாயையே தடவிக்கொண்டிருந்தார். நிழலை விட்டு நான்தான் வெளியே வந்தேன்.

"துருன்னு நெனச்சோம் சார்."

"துருவா? துருவுக்குள்ளதாம்மா நம்பரு இருந்துச்சு."

பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் சத்தமாகச் சிரித்தார். "பேரையே அழிச்சுட்டு எஃப்.சி. கேட்டா எப்படிங்கக்கா?"

"எஞ்சின் நம்பர் இருக்கே சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"எஞ்சின எப்ப வேணாலும் மாத்திக்கலாம். சேசிஸ்தான் வண்டி. நம்பரைத் தேச்ச வண்டிய நான் பாஸ் பண்ணுனா, இது திருட்டு வண்டி இல்லைன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. என்னால முடியாது." குரலைக் கொஞ்சம் இறக்கி, "மத்ததெல்லாம் நல்லா இருக்குங்க" என்றும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுபடி நம்பர் அடிக்க வழி உண்டாம். போலீஸ் ஸ்டேஷனில் சான்று வாங்க வேண்டும், வண்டி விற்ற ஷோரூமில் கடிதம் வாங்க வேண்டும். ஷோரூம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஸ்டேஷனில் ஒவ்வொரு முறையும் பெரிய அதிகாரி வெளியே போயிருந்தார். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நின்ற புரோக்கர் ஒருவர் எங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்ச் சொன்னார்: "ஏனுங்கண்ணா, இந்தக் காலோட எத்தன தடவ நடப்பீங்க? பழைய இரும்புக்குப் போட்டுட்டு நிம்மதியா இருங்க." நாலைந்து தடவைக்குப் பிறகு நாங்கள் போவதை நிறுத்திவிட்டோம். நிறுத்துவோம் என்று பேசிக்கொள்ளவில்லை. ஒரு காலையில் அவர் சட்டையை மாட்டாமல் உட்கார்ந்திருந்தார். நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

பண்டில் இப்போது லோடு ஆட்டோவில் போகிறது. ஓட்டுகிறவர் அவசரக்காரர். எந்த வீட்டுக் கதையும் அவருக்குத் தெரியாது. எங்கள் வீட்டு வாசலிலும் அவர் ஒரு பண்டிலை இறக்கிவிட்டுப் போகிறார். என் வீட்டுக்காரர்தான் நாள் முழுக்கக் காலை நீட்டி உட்கார்ந்து அதற்குப் பிசிறு வெட்டுகிறார். அவர் வெட்டிய சட்டைகள் என் டேபிளுக்கும் வரும். எது அவருடையது என்று பார்த்தால் தெரிந்துவிடும், பிசிறு கொஞ்சம் நீளமாக நிற்கும். வேறு யாருடையதாக இருந்தாலும் அம்பு ஒட்டியிருப்பேன். கத்தரியை எடுத்து நானே வெட்டி அடுக்கிவிடுகிறேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் சொல்ல இப்போது அவரிடம் ஒன்றும் இல்லை. கம்பெனியில் நடந்ததை நானாவது சொல்லலாம் என்று நினைப்பேன். ஆரம்பித்தால் இரண்டு வாக்கியத்தில் முடிந்துபோகிறது. "ம்" என்பார்.

மொபட்டை நாங்கள் விற்கவில்லை. நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் தினமும் அவர் அதைச் சாய்த்து, நிமிர்த்தி, ஸ்டாண்டில் நிறுத்தி மிதிக்கிறார். புது பிளக், புது கேபிள், சுத்தமான கார்புரேட்டர். மழையிலும்கூட இப்போது ஒரே மிதியில் பிடித்துக்கொள்கிறது. பின்சக்கரம் தரையைத் தொடாமல் சுற்றுகிறது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்துவிட்டு, அவர் பண்டிலின் முடிச்சை அவிழ்க்கிறார். நான் பஸ்ஸுக்கு நடக்கிறேன்.