ஜெம்மா டாட்ஸ் பதில் சொல்லப் பழகுகிறாள்

"இந்த ஐஸ் உங்க சொந்த மெஷின்ல வர்றதா, வெளிய வாங்குறதா?"

நார்மன் டியூலிப் மீன் துண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே ஜெம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அவளுக்குப் பின்னால் வரிசை கடை வாசலைத் தாண்டித் தெருவுக்கு நீண்டிருந்தது.

"வெளியதான் கண்ணு."

"ஐஸ்காரன் ஒருநாள் வரலேன்னா? மீன் கெட்டுப்போனா யார் பொறுப்பு? எழுதி வாங்கியிருக்கீங்களா?"

"நீ மீன் வாங்க வந்தியா, என் கடைய வாங்க வந்தியா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜெம்மா பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள், ஆனால் நகரவில்லை. எழுதி வாங்கவில்லை, அப்பா காலத்திலிருந்து வாய்ப்பேச்சுதான் என்று நார்மன் சொன்ன பிறகே நகர்ந்தாள்.

இங்கிலாந்தின் நார்த் ஷீல்ட்ஸ் மீன்துறைப் பக்கம் கடை வைத்திருக்கிற எல்லோருக்கும் ஜெம்மா டாட்ஸைத் தெரியும். சிப்ஸ் கடையில் பழைய எண்ணெயை யார் எடுத்துப்போகிறார்கள் என்று கேட்பாள். படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவரிடம், மூடுபனியில் படகு நின்றால் சம்பளம் உண்டா என்று விசாரிப்பாள். பல் மருத்துவர் அவள் வாய்க்குள் கருவியை வைத்திருந்தபோதுகூட, அந்த நாற்காலி சொந்தமா தவணையா என்று கேட்க முயன்றிருக்கிறாள். அவருக்குக் கேள்வி புரியவில்லை. வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து இன்னொரு ஊசி போட்டுவிட்டார்.

இதற்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. பெரிய சட்ட நிறுவனங்கள் பயிற்சி சாலிசிட்டர்களை, அதாவது வழக்கறிஞராகப் பழகுகிறவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது சட்டம் தெரிந்தால் மட்டும் போதாது, வியாபாரம் எப்படி நடக்கிறது என்ற அறிவும் வேண்டும் என்கின்றன. மற்றவர்கள் அதற்காக வணிகப் பத்திரிகை படிக்கிறார்கள். ஜெம்மாவும் சந்தா கட்டிப் பார்த்தாள். வட்டி விகிதம் வந்த பக்கத்திலேயே தூங்கிப்போனாள். அதன்பிறகுதான் ஆட்களைக் கேட்கத் தொடங்கினாள். நேர்முகத் தேர்வுக்காக ஆரம்பித்த பழக்கம் நாளடைவில் நேர்முகத்தை மறந்துவிட்டு, தானாக நடக்க ஆரம்பித்துவிட்டது.

அவளுக்கு முப்பத்து நான்கு வயது. நல்ல உயரம். பேசுகிறவர்களின் முகத்துக்கு நேரே குனிந்து குனிந்து தோள் கொஞ்சம் முன்னால் வளைந்துவிட்டது. துறைமுகத்துக்கு மேலே ஏறும் செங்குத்தான தெருவில், ஹெப்பிள் என்ற சாலிசிட்டரின் அலுவலகத்தில் வேலை. பாராலீகல் என்பது பதவியின் பெயர். செய்வது குமாஸ்தா வேலை. வீட்டுப் பத்திரங்கள், உயில்கள், அண்டை வீட்டுக்காரர்களின் வேலித் தகராறுகள் எல்லாம் முதலில் அவள் மேசைக்குத்தான் வரும். மாலை வகுப்புகளில் படித்துச் சட்டப் பட்டம் வாங்கியிருந்தாள். சாலிசிட்டர் ஆக வேண்டுமென்றால் இன்னும் இரண்டு வருடம் யாராவது ஒரு நிறுவனத்தில் பயிற்சியாளராக இருந்தாக வேண்டும்.

அந்தப் பயிற்சியைத் தானே தருவதாகத்தான் ஹெப்பிள் அவளை வேலைக்கு எடுத்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் வான்கோழித் துண்டை முள்கரண்டியில் குத்தியபடி, "அடுத்த வருஷம் பாக்கலாம், ஜெம்மா" என்பார். கெட்ட மனிதர் அல்ல. மழை நாட்களில் அவளைத் தன் காரிலேயே வீட்டில் கொண்டுபோய் விடுவார். அவள் அம்மா இறந்தபோது ஒரு மாதம் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தார். கெட்டவராக இருந்திருந்தால் ஜெம்மா எப்போதோ கிளம்பியிருப்பாள்.

ஆகவே, ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அவருக்குத் தெரியாமல் பெரிய நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போடுவாள். எல்லா விண்ணப்பத்திலும் அதே மூன்று கேள்விகள்: ஏன் சட்டம், ஏன் எங்கள் நிறுவனம், நீங்கள் தோற்ற ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள். வசந்தம் வருவதற்குள் மறுப்புகள் வந்துவிடும். அவற்றை அவள் தங்கை கார்லி ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் வாசிப்பாள். "இந்த ஆண்டு மிகச் சிறந்த விண்ணப்பங்கள் ஏராளமாக வந்த காரணத்தால்... அதாவது அக்கா, நீ மிகச் சிறந்தவ இல்லையாம்."

பக்கத்து ஊரான வால்ஸெண்டில் கார்லிக்கு ஒரு முடிதிருத்தும் கடை. அக்கா தங்கை இருவரும் அதன் மாடியில்தான் குடியிருக்கிறார்கள். ஆற்றங்கரையில் முழுக்கக் கண்ணாடியால் கட்டிய ஒரு கட்டடத்து நிறுவனத்திலிருந்து அந்த வருடம் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தபோது, கார்லி கடையையே தேர்வுக்கூடமாக்கிவிட்டாள். ஜெம்மா நேர்முகத்துக்கு வாங்கிய கருநீலக் கோட்டை வீட்டிலும் போட்டுக்கொண்டு திரிந்தாள். அதைப் போட்டுக்கொண்டே முட்டை பொரித்தாள், குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளினாள். கோட்டுக்கு அவளும் அவளுக்குக் கோட்டும் பழக வேண்டுமாம்.

"உன்னோட குறை என்னன்னு கேட்டா என்ன சொல்லுவ?" என்றாள் கார்லி, ஒரு வாடிக்கையாளரின் தலையில் சாயம் பூசிக்கொண்டே.

"எதையும் அளவுக்கு மீறி நுணுக்கமாப் பாப்பேன்..."

"பொய். கேள்வி கேட்டே ஆளச் சாவடிப்பேன்னு சொல்லு."

முடி உலர்த்தும் கூண்டுக்குள் தலையை விட்டு உட்கார்ந்திருந்த டொரீன் அம்மாள் கையைத் தூக்கினார். அவருக்கு எண்பது வயது நெருங்குகிறது. "நான் ஒண்ணு கேக்கவா? வேல குடுத்தா, நீ பாட்டுக்குக் கல்யாணம் கட்டி கொழந்த பெத்துட்டுப் போயிர மாட்டியே?"

"அத அவங்க கேக்கக் கூடாது டொரீன். சட்டப்படி தப்பு."

"அவங்க கேக்கல, நான்தான் கேக்கறேன். யாராச்சும் இருக்கானா இல்லையா?"

கார்லிக்குச் சிரிப்புத் தாங்காமல் சாயம் வாடிக்கையாளரின் காதில் வழிந்தது. பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, "மிஸ் டாட்ஸ், ஏன் சட்டம்?" என்றாள்.

இந்தப் பதில் ஜெம்மாவுக்கு மனப்பாடம். எத்தனையோ முறை எழுதி, திருத்தி, கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தது. சிறு வயதிலிருந்தே நீதியின் மீது இருந்த ஈடுபாட்டில் தொடங்கி, சமூகம், பொறுப்பு, சவால் என்று ஒழுங்காக ஏறி, நிறுவனத்தின் பெயரில் போய் முடியும். அவள் நிறுவனத்தின் பெயரைச் சொன்னபோது கூண்டுக்குள்ளிருந்து குறட்டைச் சத்தம் வந்தது.

"வயசானவங்க. அந்தச் சூடு வேற" என்றாள் கார்லி சமாதானமாக.

ஜெம்மா டொரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமாக யார் யாரையோ கேள்வி கேட்டவள் அவள். மீன்காரரும் டிக்கெட்காரரும் சொன்ன பதில்களில் ஒன்றுகூட யாரையும் தூங்க வைத்ததில்லை.

நேர்முகத்துக்கு ஆறு பேர் வந்திருந்தார்கள். மற்ற ஐந்து பேரும் அவளைவிடப் பத்து வயதாவது இளையவர்கள். காலையில் குழு விவாதம். ஒன்றாகப் பேசி முடிவெடுக்கும் விதத்தைப் பார்ப்பார்கள் என்று எல்லோரும் எங்கேயோ படித்திருந்ததால், "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க" என்று ஒருவரையொருவர் உபசரித்ததிலேயே பாதி நேரம் போனது. மதிய உணவிலும் கண்காணிப்பு உண்டு என்ற வதந்தி இருந்தது. ஆறு பேரும் தட்டில் ஆளுக்கொரு சாண்ட்விச் எடுத்துக்கொண்டார்கள். வாயில் வைத்திருக்கும்போது கேள்வி வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் கடிக்கவில்லை. பரிமாற வந்த பெண்ணிடம், மிச்சமாகிற ரொட்டியை என்ன செய்வீர்கள் என்று ஜெம்மா கேட்டாள். அது உத்தி என்று நினைத்துப் பக்கத்தில் நின்ற பையன் அவளை முறைத்தான்.

ஒரு நிறுவனத்தை வாங்கலாமா கூடாதா என்று ஆவணங்களைப் படித்துச் சொல்கிற பயிற்சியை அவள் சுமாராகத்தான் செய்தாள். முக்கியமானதைக் கடைசியில் சொன்னாள், நேரம் முடிந்துவிட்டது. தனி நேர்முகத்துக்குள் நுழையும்போது இந்த வருடமும் அவ்வளவுதான் என்று தோன்றிவிட்டது.

நிறுவனத்தின் பங்குதாரர்களில் ஒருவரான ஃபெனெல்லா ரதர்ஃபோர்ட் என்ற பெண்மணி நடுவில் உட்கார்ந்திருந்தார். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். பக்கத்தில் ஆள்சேர்ப்பைக் கவனிக்கும் இளைஞர் ஒருவர்.

"ஏன் சட்டம், ஜெம்மா?"

"சிறு வயதிலிருந்தே நீதியின் மீது..."

ரதர்ஃபோர்டின் பேனா மெல்ல மேசையில் சாய்ந்தது. கண்கள் மரியாதையாகத் திறந்திருந்தன. ஆனால் அவற்றுக்குப் பின்னால் இருந்தவர் வெளியே போய்விட்டார். இந்தப் போக்கை ஜெம்மா முன்பே பார்த்திருக்கிறாள். நிறுத்திவிட்டாள்.

"மன்னிச்சுக்குங்க. இது நான் மனப்பாடம் பண்ணிட்டு வந்தது. இதக் கேட்டு ஒரு அம்மா ஏற்கனவே தூங்கிட்டாங்க."

இளைஞர் சிரித்துவிட்டார். ரதர்ஃபோர்ட் சிரிக்கவில்லை. "சரி. மனப்பாடம் பண்ணாதத சொல்லுங்க."

அப்படி ஒன்று தன்னிடம் இருக்கிறதா என்பதே ஜெம்மாவுக்குத் தெரியாது. பேச ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

"எங்க ஆபீஸுக்கு அண்ணன் தம்பி ரெண்டு பேர் வந்தாங்க. அப்பாவோட மீன்பிடிப் படகு யாருக்குன்னு சண்ட. பல வருஷமாப் பேச்சுவார்த்த கெடையாது. ஒருத்தர் வந்தா இன்னொருத்தர் தெருவுல நிப்பாரு. எல்லாக் காகிதத்தையும் நான்தான் தயார் பண்ணேன். கடைசியா ரெண்டு பேரையும் எங்க முதலாளி அவரு ரூமுக்குள்ள கூப்பிட்டுப் பேசினாரு. நான் வெளிய இருந்தேன். சாயங்காலம் ஒப்பந்தத்த டைப் பண்ணக் குடுத்தாங்க. படகு அண்ணனுக்குன்னு இருந்துச்சு. அது எனக்குப் பெருசாத் தெரியல. ஆனா வெளிய மழை. ரெண்டு பேரும் ஒரே குடையில போனாங்க."

"அப்புறம்?"

"அதான் எனக்குத் தெரியல. உள்ள என்ன பேசினாங்கன்னு ஒப்பந்தத்துல இல்ல. எந்தக் காகிதத்துலயும் இல்ல. எல்லா ஃபைலும் எங்கிட்டதான் ஆரம்பிக்குது, ஆனா முக்கியமான எடம் வர்றப்போ என் கைய விட்டுப் போயிருது. எனக்கு அந்த ரூமுக்குள்ள இருக்கணும். அதுக்குத்தான் சாலிசிட்டராகணும். வேற பெரிய காரணம் எதுவும் இல்ல."

ரதர்ஃபோர்ட் பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். பிறகு, "அந்தக் குடை யாருது?" என்று கேட்டார்.

"தம்பியோடது" என்றாள் ஜெம்மா.

மாடிக்கு வந்ததும் கருநீலக் கோட்டைக் கழற்றிச் சோபாவில் எறிந்தாள். "ஒளறிட்டேன்" என்று தங்கையிடம் சொன்னாள். அன்று இரவு இருவரும் சிப்ஸ் வாங்கிச் சாப்பிட்டார்கள். ஆறிப்போனவற்றைக் கார்லி தின்று தீர்த்தாள்.

தொலைபேசி அழைப்பு வந்தது அடுத்த வாரம், கடையில் கூட்டமாக இருந்தபோது. ஆவணப் பயிற்சியில் ஒழுங்கு போதாது, அதில் வேலை செய்ய வேண்டும் என்று அந்த இளைஞர் முதலில் சொன்னார். ஜெம்மா பழகிய மறுப்புக்குத் தயாராகி, "புரியுது, நன்றி" என்றாள். அவர் அவசரமாக, "இல்ல இல்ல, எடம் உங்களுக்குத்தான்" என்றார். பயிற்சி தொடங்குவது இரண்டு வருடம் கழித்து, செப்டம்பரில். அவ்வளவு முன்னதாகவே ஆள் எடுப்பதுதான் வழக்கம். கார்லி கையில் கத்தரிக்கோலோடு குதித்ததில் வாடிக்கையாளர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். டொரீன், "அப்போ ரெண்டு வருஷத்துல மாப்பிள்ள பாத்துரலாம்" என்றார்.

இனி ஹெப்பிளிடம் சொல்ல வேண்டும். அதற்கு அக்கா தங்கை இருவருமாகப் பேச்சு ஒன்று தயாரித்தார்கள். எத்தனை கிறிஸ்துமஸ், எத்தனை வான்கோழி, எத்தனை "அடுத்த வருஷம்" என்று வரிசையாகக் கேட்கிற பேச்சு. கார்லி அதில் சில வசவுகளையும் சேர்த்திருந்தாள். திங்கட்கிழமை காலை ஜெம்மா படியேறியபோது பேச்சு முழுவதும் நாக்கு நுனியில் இருந்தது. ஹெப்பிளின் அறை வாசலில் நின்றபடியே செய்தியைச் சொன்னாள்.

ஹெப்பிள் படித்துக்கொண்டிருந்த ஃபைலை மூடி வைத்தார். "நான் குடுத்திருக்கணும்" என்றார். "இன்னொரு சாலிசிட்டர் வந்துட்டா எனக்கு வேலை இருக்காதோன்னு ஒரு பயம். அசிங்கந்தான்."

ஜெம்மா பேச வாயைத் திறந்தாள்.

"வேடிக்கை என்னன்னா," என்றார் அவர், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, "எனக்கு இந்தத் தொழில் கெடச்சதே ஒரு தப்பால. நேர்முகத்துக்கு அவங்க கூப்பிட்டது என்னை இல்ல."

"உங்கள இல்லையா? அப்போ யாரை?"

மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல், கட்சிக்காரர்கள் உட்காரும் நாற்காலியை அவர் மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.