ஒருநாள் விட்டு ஒருநாள் படிக்கிற தேசம்

டென்மார்க் தேசத்துக் கிராமத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூட நடையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வகுப்புக்குள் போகிறார்கள். மரத்தைக் குடைந்து செய்த கனமான செருப்பு. இருபது முப்பது ஜோடி சுவரோரமாகக் கிடக்க, பிள்ளைகள் கம்பளிக் காலுறையோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். முதல் நாள் இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஏற்காட்டுச் சேர்வராயன் கோயில் குகைவரை பூட்ஸோடு வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு போன துரைமார்களின் சொந்தக்காரர்கள்தானே இவர்கள்? சொந்த ஊரில் இத்தனை அடக்கம் தெரிந்தவர்கள், கப்பல் ஏறும்போது அதை எந்தத் துறைமுகத்தில் இறக்கி வைக்கிறார்களோ தெரியவில்லை.

இதை எழுதக் காரணம், ஏற்காட்டிலிருந்து எனக்கு வந்திருக்கும் கடிதங்கள். என்னைக் கூட்டிவந்த துரை இன்னும் இரண்டு குடும்பங்களை இங்கே வரவழைக்கப்போகிறார் என்று அங்கே ஒண்டிக்கடை முக்கில் பேச்சாம். 'பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் போடலாம், அங்கே எல்லாம் உயர்ந்த படிப்பாக இருக்குமே' என்று கேட்டிருக்கிறார்கள். உயர்ந்த படிப்பு! சொல்கிறேன், கேளுங்கள். தலைச்சோலைப் பக்கத்துக் காப்பி எஸ்டேட் ஒன்றில் பதினோரு வருஷம் ரைட்டராக, கணக்கும் ஆள்வரவும் எழுதுகிறவனாக இருந்தவன் நான். எங்கள் துரை டென்மார்க்காரர். எஸ்டேட்டை விற்றுவிட்டு ஊருக்குத் திரும்பி, காப்பிக்கொட்டை வறுத்து விற்கும் கடை போட்டபோது, கொட்டையைக் கையில் அள்ளினாலே தரம் சொல்லும் ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு வருஷ ஒப்பந்தம். மனைவி அங்கம்மாளும் ஒன்பது வயது மகள் மரகதமும் கூடவே வந்தார்கள். வரும் சித்திரையோடு ஒப்பந்தம் முடிகிறது. இங்கேயே இருப்பதா, மலைக்குத் திரும்புவதா என்று வீட்டில் தினமும் தர்க்கம். மரகதத்தின் படிப்பு எங்கே நடக்கும் என்பதை வைத்துத்தான் அதை முடிவு செய்தாக வேண்டும்.

வந்த புதிதில் துரையிடம் கேட்டேன். இங்கே சட்டப்படி பிள்ளைக்குப் படிப்புத்தான் கட்டாயமாம், பள்ளிக்கூடம் கட்டாயமில்லையாம். வீட்டிலேயே கூடச் சொல்லிக்கொடுக்கலாமாம். இதைச் சொன்னபோது அவர் தன் கடைக்குத் தானே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஏற்காட்டில் கைக்குட்டை கீழே விழுந்தால் எடுத்துக்கொடுக்க ஆள் தேடியவர்! அவர் பேச்சைக் கேட்டு ஒரு மாதம் நானே பாடம் நடத்தினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷும் கணக்கும் அவளுக்குத் தெரிந்துபோனதும், இருவரும் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

அடுத்து, பக்கத்துப் பட்டணத்தில் சம்பளம் கட்டிப் படிக்கும் பள்ளிக்கூடம். ரயிலில் போக வேண்டும். தலைமை ஆசிரியர் மரகதத்தின் காதிலிருந்த தோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இவள் கத்தியும் முள்கரண்டியும் பிடித்துச் சாப்பிடுவாளா என்று கேட்டார். படிப்பைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. நான், சாப்பிடத் தெரியும், அதனால்தான் உயிரோடு இருக்கிறாள் என்று இங்கிலீஷில் சொன்னேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூன்றாவதாக 'ஃப்ரீஸ்கோலே' என்று ஒன்று. பரீட்சை கிடையாது. பிள்ளைகள் கூடிப் பாடுவார்கள், வாத்தியார் பழைய ராஜா கதை சொல்லுவார், பிறகு எல்லோரும் கையைத் தூக்கிக் குதிப்பார்கள். பாட்டுக்கும் கூத்துக்கும் ஏழு கடல் தாண்டி வரவேண்டுமா? ஏற்காட்டில் திருவிழாவுக்குப் போனாலே போதுமே.

கடைசியில் மிஞ்சியது ஊர்ப் பள்ளிக்கூடம்தான். ஒரே ஒரு வாத்தியார். நீல்சன் என்று பெயர். வாரநாளில் பாடம் நடத்துவார், ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலில் பாட்டுக்கு முன்னின்று பாடுவார். கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவர். மரகதத்தின் பெயரை எழுதிக்கொண்டு, செவ்வாய், வியாழன், சனி மட்டும் அனுப்பினால் போதும் என்றார். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. கறுத்த பிள்ளைக்கு அரைப் படிப்புப் போதும் என்கிறார் என்றுதான் நினைத்தேன். "என் மகள் கூலிக்காரன் மகள் இல்லை" என்று சத்தம் போட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மூன்று நாள் அதிகமா? கோடையில் இன்னும் குறைத்துக்கொள்ளலாம்" என்றார். அப்புறம்தான் விளங்கியது. பெரிய பிள்ளைகள் ஒருநாள், சின்னப் பிள்ளைகள் மறுநாள் என்று ஊரே அப்படித்தான் படிக்கிறது. அவர் மகனுக்கும் செவ்வாய், வியாழன், சனிதான். மற்ற நாளில் மாடு மேய்ப்பார்கள், பீட்ரூட் பிடுங்குவார்கள். நீங்கள் வாய்பிளந்து பார்க்கிற வெள்ளைக்காரன் இதுதான் ஐயா. ஒருநாள் விட்டு ஒருநாள் படித்துவிட்டுத்தான் நம்மை மேய்க்கக் கிளம்பி வருகிறான்.

அந்த 'அரைப் படிப்பு' எனக்கு ஏன் அவ்வளவு சுருக்கென்று பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் எஸ்டேட்டிலும் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. கூலிக்காரர்கள் குடியிருந்த லைன் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் துரைசாணி போட்டுக்கொடுத்த தகரக் கொட்டகை. துரைசாணிக்குப் பிள்ளைகள் படிக்க வேண்டும். துரைக்குக் காப்பிப் பழம் பறித்தாக வேண்டும். இருவரையும் திருப்தி செய்கிற சாமர்த்தியம் என்னுடையது. விருந்தாளிகள் வருகிற நாளில் பிள்ளைகள் கொட்டகையில் அகரம் சொல்லும். மற்ற நாளில் காப்பிச் செடிக்குள் நிற்கும். பறிப்புக் காலத்தில் காலையில் நானே கொட்டகை வாசலில் போய் நின்று விசில் ஊதி, பிள்ளைகளைச் செடிக்கு ஓட்டிக்கொண்டு போவேன். வாத்தியார் சிலேட்டுகளை வாங்கி அடுக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். என் மகளை நான் அங்கே அனுப்பவில்லை. லைன் பிள்ளைகளோடு ரைட்டர் மகளா? ஒண்டிக்கடையிலிருந்து ஒருவரை வரவழைத்து வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க வைத்தேன்.

ஒரு கார்த்திகை மாதம் காளியம்மாள் என்று ஒருத்தி என் முன்னால் வந்து நின்றாள். கிளியூரிலிருந்து வந்து லைனில் குடியிருந்தவள். அவள் மகள் பொன்னி மரகதத்தின் வயது.

"ஏனுங்க, இந்த ஒரு மாசம் மட்டும் பொன்னிய உட்டுருங்க. எழுத்துக் கூட்டிப் படிக்குதுங்க. ஊட்டுல கரியில செவுரெல்லாம் எழுதி வெச்சிருக்குதுங்க. அவ பங்கையும் சேத்து நானே பறிச்சுப் போடறனுங்க."

"ஏம்மா, உம்புள்ள படிச்சு எஸ்டேட்டு ரைட்டராகப் போவுதா?" என்று சிரித்தேன். "சின்னக் கைதாம்மா செடி அடியில நல்லாப் போவும். பறிப்பு முடியட்டும், அப்பறம் படிச்சுக்கட்டும்." கங்காணியும் சேர்ந்து சிரித்தான். பறிப்பு முடிந்ததும் நாற்று வேலை வந்தது, பிறகு களை வெட்டு. பொன்னி மறுபடி சிலேட்டைத் தொட்டதாக எனக்கு நினைவில்லை.

இங்கே ஐப்பசி பாதியில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாரம் விடுமுறை விடுகிறார்கள். 'கார்டோஃபெல்ஃபேரியே' என்று பெயர். உருளைக்கிழங்கு விடுமுறை. பிள்ளைகள் வயலில் கிழங்கு பொறுக்கவென்றே அரசாங்கம் விடுகிற விடுமுறை. இந்த வருஷம் அதற்கு முந்தின நாள் பக்கத்துப் பண்ணைக்காரர் ஹான்ஸ் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். அவருக்கு டேனிஷ் தவிர வேறு பாஷை தெரியாது. மரகதம்தான் நடுவில் நின்றாள். வந்த ஆறே மாதத்தில் அந்தப் பாஷையைக் கரைத்துக் குடித்திருந்தாள்.

"என்னைய அவரு வயலுக்குக் கிழங்கு பொறுக்க வரச் சொல்றாருங்கப்பா. சின்னக் கைதான் நல்லாப் பொறுக்குமாமுங்க."

செருப்பால் அடித்தது போலிருந்தது. "என் மகள் எவன் வயலிலயும் குனிய மாட்டான்னு சொல்லு. மரியாதையாப் போகச் சொல்லு" என்றேன். அவள் என்னவோ சொன்னாள். ஹான்ஸ் முகமெல்லாம் மலர்ந்து, தொப்பியைத் தொட்டு எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் விடிந்ததும் மரகதம் வீட்டில் இல்லை. காலையில் வருவதாகத்தான் அவரிடம் சொல்லியிருக்கிறாள், கள்ளி. அந்த வாரம் முழுவதும் மண் அப்பிய கையோடு வந்து, சிநேகிதிகளின் பெயர்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "வாத்தியாரும் பொறுக்கறாருங்கப்பா" என்றாள். அங்கம்மாள் வெந்நீர் வைத்து அவள் கையைத் தேய்த்துக் கழுவும்போது என் முகத்தையே பார்க்கவில்லை.

விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை. நான் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நடுவில் மழை பெய்ததால் ஹான்ஸ் வயலில் வேலை மிச்சமிருந்தது. அவர் பிள்ளைகள் இருவரும், பள்ளிக்கூடத்துக்கென்று கிளம்பிய என் மகளும் அங்கே குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நீல்சன் சைக்கிளில் வந்தார். அதைச் சாலையிலேயே சாய்த்துப் போட்டுவிட்டு, நல்ல பூட்ஸோடு சேற்றில் இறங்கி நடந்தார். நாற்பது மாட்டுக்குச் சொந்தக்காரரான ஹான்ஸ், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். வாத்தியார் மூன்று பிள்ளைகளையும் முன்னால் விட்டு ஓட்டிக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும் நின்று, "இன்றைக்கு இவர்கள் என்னுடையவர்கள். வயல் நாளைக்கு எடுத்துக்கொள்ளட்டும்" என்று கடுமையாகச் சொன்னார். அந்த ஆளை நான் கோயில் பாட்டுக்காரன் என்று எத்தனை நாள் இளக்காரம் செய்திருப்பேன்! பதினோரு வருஷம் நான் கொட்டகையிலிருந்து செடிக்கு நடந்த நடையை, அவர் என் கண்ணெதிரே வயலிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்துகொண்டிருந்தார். இந்த ஊரில் நான் எத்தனையோ பேரை மட்டமாக நினைத்திருக்கிறேன். அன்றைக்கு என்னைவிட மட்டமானவன் ஒருவனும் என் கண்ணில் படவில்லை.

மார்கழியில் அங்கம்மாள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். "ஏனுங்க, இந்தக் குளிரு நமக்கு வேண்டாமுங்க. நொம்பக் கஷ்டமா இருக்குது. ஊருக்கே போயிரலாமுங்க. மரகதத்த நம்ம எஸ்டேட்டுப் பள்ளிக்கூடத்துலயே சேத்தலாமுங்க. இங்க மாடு மேய்க்கற புள்ளைங்ககூட உக்காரலாம், அங்க லைன் புள்ளைங்ககூட உக்காரக் கூடாதுங்களா?" மலையில் இருக்கும் பெரிய பள்ளிக்கூடங்கள் வெள்ளைப் பிள்ளைகளுக்கானவை, வாசலைக்கூட மிதிக்க முடியாது. எங்களுக்கென்று இருப்பது அந்தத் தகரக் கொட்டகை ஒன்றுதான். அதில் மரகதத்தைச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டு எஸ்டேட்டுக்குக் கடிதம் எழுதினேன்.

எனக்குப் பின் வந்த ரைட்டரின் பதில் போன வாரம் வந்தது. மரியாதையான கடிதம். பிள்ளைகள் வருவதில்லை என்பதால் புதுத் துரை கொட்டகையை மூடிவிட்டாராம். இப்போது அதில் எரு மூட்டை அடுக்கியிருக்கிறார்களாம். 'தாங்கள் ஏற்படுத்திய ஒழுங்கு அப்படியே நடந்து வருகிறது' என்று என்னைச் சந்தோஷப்படுத்த ஒரு வரியும் எழுதியிருந்தார். அங்கம்மாளுக்கு அதை வாசித்துக் காட்டினேன். யார் மூட வைத்தது என்று அவள் கேட்கவில்லை. பெட்டியில் மடித்து வைக்கத் தொடங்கியிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

ஆகவே, வர நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இங்கே இருப்பது பாதிப் படிப்பு. அந்தப் பாதியை யாரும் பிள்ளையிடமிருந்து பிடுங்குவதில்லை. வாருங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மரகதம் வந்து மேஜையில் சாய்ந்தாள். "ஏன் சாமி, ஊருக்குப் போகணும்னு உனக்கு ஆசை இல்லியா?" என்று கேட்டேன்.

"இருக்குதுங்கப்பா" என்றாள். விரலை மடக்கிக் கொஞ்ச நேரம் எண்ணினாள். "திங்கள், புதன், வெள்ளி ஏற்காட்டுக்குப் போயிரலாமுங்க. மத்த நாளு எனக்குப் பள்ளிக்கூடம் இருக்குதுங்க."