பாவு நீட்டாத ஞாயிறு

எங்கள் சபையின் வாலிபர் சங்கத் தலைவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. செயலாளருக்கு நாற்பத்தெட்டு. பொருளாளர் தம் வயதைச் சொல்ல மாட்டார். ஆனால் அவருடைய பேத்தி நான் பாடம் எடுத்த வகுப்பில் படித்தாள்.

இந்த வாலிபர்களுக்கு எழுபதுகளின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே ஒரு ஏரிக்கரையில் சபைப் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்துகிறார்கள். முகாமை நடத்த உதவியாகப் பல நாடுகளிலிருந்தும் ஆட்களைக் கூப்பிடுகிறார்கள். உங்கள் சபையிலிருந்து, இளைஞர்களோடு பழகும் ஓர் இளம்பெண்ணை அனுப்புங்கள், போக வர நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தது. இளம்பெண் என்றால் கட்டாயம் பெண்ணாகத்தான் இருக்க வேண்டுமா என்று கமிட்டி ஒரு சாயங்காலம் முழுக்க ஆராய்ந்தது. இரண்டாவது கூட்டத்தில் 'இளம்' என்பதை ஆராய்ந்தார்கள். மூன்றாவது கூட்டத்தில் வேறு வழியில்லாமல் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் மிஷன் பள்ளி டீச்சர், முப்பத்துமூன்று வயது, கல்யாணம் ஆகாதவள், ஆர்மோனியம் வாசிப்பேன், ஆங்கிலமும் பேசுவேன். "சங்கத்துல சொந்தப் பல்லு முழுசா இருக்கிறவ நீ ஒருத்திதானே, வேற யாரை அனுப்புவாங்க" என்றாள் அம்மா.

பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கான்ஸ்டபிள் வந்தார். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு அது வரக்கூடாத நேரம். நெசவுக்காரர்கள் தறியில் ஏற்றப்போகும் பட்டுப் பாவு நூலை விடியும்போதே தெருவின் நீளத்துக்கு இழுத்து, கழிகளில் நிறுத்தி, கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்துவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். அதற்குப் பத்துப் பேருடைய கை வேண்டும். பள்ளிக்கூடம் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் கைகளும் கிடைக்கும். அதனால் ஞாயிறு என்றால் எங்கள் தெரு நூல்தான். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறவர்கள் குனிந்துதான் போக வேண்டும். பாவைத் தாண்டக் கூடாது.

கான்ஸ்டபிள் குனிய மாட்டேன் என்று நின்றார். எதிர்வீட்டு அண்ணா, அன்றைய பாவுக்குச் சொந்தக்காரர், கஞ்சிக் கையோடு வந்து ஒரு மூங்கிலால் பாவைத் தூக்கிப் பிடித்தார். "சும்மா வாங்க சார், தொப்பி படாது" என்று அவரை உள்ளே விட்டு, காப்பி வரவழைத்து, அரை மணி நேரம் என் குணத்தைப் பற்றிப் பேசினார். "இந்தத் தெருவுல லைட்டு எரியலன்னா மனு எழுதிக் குடுக்கறது யாரு? டீச்சர்மாதான். எங்க வூட்டுப் பொண்ணு மாதிரி சார். அது எங்க போனாலும் நம்ம பேரக் காப்பாத்திக்கினுதான் வரும்." கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டார்.

அந்த மூங்கிலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது கான்ஸ்டபிளுக்காக வந்ததல்ல, என் அம்மாவுக்காக வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் சபைக் கோயிலில் முதல் மணி அடிக்கக் கொஞ்சம் முன்னால் அம்மா வெள்ளைப் புடவையும் வேதப் புத்தகமுமாக வாசலில் இறங்குவாள். "தூக்குபா, அம்மா வர்றாங்க" என்று அண்ணா குரல் கொடுப்பார். யாராவது மூங்கிலோடு ஓடி வருவார்கள். அம்மா குனிந்து நடுவில் வந்ததும் நின்றுவிடுவாள். யார் மகளுக்குப் பிரசவம், யார் வீட்டில் சண்டை, எல்லாம் பாவுக்கு அடியிலேயே பேசி முடிப்பாள். மூங்கிலைப் பிடித்திருப்பவர் கை மாற்றிக்கொள்வார். நாங்கள் ஒரு நாளும் முதல் பாட்டுக்குக் கோயில் போய்ச் சேர்ந்ததில்லை. பங்குனி உத்திரத்துக்கு அண்ணா வீட்டிலிருந்து சுண்டல் வரும். படைத்ததைச் சாப்பிடலாமா என்று சபையில் பெரிய வாதம் உண்டு. அம்மா முதலில் சுண்டலைச் சாப்பிடுவாள், பிறகு மன்னிப்புக் கேட்டு ஜெபம் பண்ணிக்கொள்வாள்.

புறப்படும் முன் போதகர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "சும்மா போய்ச் சுத்திப் பார்த்துட்டு வரக் கூடாதும்மா. விசுவாசத்தைப் பத்தி உருக்கமா ஏதாவது சாட்சி சொல்லணும். அவங்க கண்ணுல தண்ணி வரணும்" என்றார். அதோடு, எங்கேயும் பட்டுப் புடவைதான் கட்ட வேண்டும், காஞ்சிபுரத்துப் பேர் கெட்டுவிடக் கூடாது என்றும் சொன்னார்.

அங்கே போன மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. பட்டுப் புடவை, அதன்மேல் இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் யாரோ ஒரு ஆண்பிள்ளையின் மழைக்கோட்டு. சோளக்கொல்லைப் பொம்மை என்னைப் பார்த்திருந்தால் தன் அழகை நினைத்துப் பெருமைப்பட்டிருக்கும். இந்தியர்களுக்குத் தரையில் உட்காரத்தான் பிடிக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எல்லோருக்கும் பெஞ்சு போட்டு, எனக்கு மட்டும் ஈரத் தரையில் ஒரு பாயை மரியாதையோடு விரித்தார்கள். சோறு இல்லாமல் நான் வாடுவேனே என்று பாலில் குழைய வேகவைத்த அரிசியில் சர்க்கரையும் பட்டைத் தூளும் தூவிக் கொண்டுவந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கி, பிரமாதம் என்றேன். முதல் பொய் அதுதான். அடுத்ததற்கு அது நல்ல பழக்கமாக அமைந்தது.

பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். பாட்டுச் சொல்லிக்கொடுத்தால் உடனே பிடித்துக்கொள்வார்கள். சிக்கல் சாயங்காலத்தில்தான். மழை விட்டதும் நெருப்பு மூட்டி, சுற்றி உட்கார்ந்து, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக, விசுவாசத்துக்காகத் தாங்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். முதல் நாள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு தம்பி ஜெயிலில் இருந்த கதையைச் சொன்னான். மறுநாள் கொரியாவிலிருந்து வந்த ஓர் அம்மாள், யுத்தத்தில் வீடும் தம்பியும் போன கதையைச் சொன்னாள். மூன்றாம் நாள் என் முறை.

எனக்கு என்ன இருக்கிறது சொல்ல? என் தாத்தா காலத்திலேயே நாங்கள் கிறிஸ்தவர்களாகிவிட்டோம். விசுவாசத்துக்காக நான் பட்ட மிகப் பெரிய பாடு எங்கள் சபைக் கமிட்டி. அதைச் சொன்னால் யாருக்கும் கண்ணில் தண்ணி வராது. நெருப்புக்கு அந்தப் பக்கம் ஐம்பது முகங்கள், கருணையோடு, என் துன்பத்துக்காகக் காத்திருந்தன. அவர்களை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. அதனால் ஏமாற்றினேன்.

"நாங்கள் இருக்கும் தெருவில் எல்லோரும் வேற்று மதத்தவர்" என்று ஆரம்பித்தேன். உண்மை. "ஞாயிற்றுக்கிழமை காலையில், நாங்கள் கோயிலுக்குப் போகும் நேரத்தில், தெருவை மறித்து நூல் கட்டுவார்கள்." உண்மை. "என் வயதான தாய் வேதப் புத்தகத்தை நெஞ்சில் அணைத்துக்கொண்டு, அந்த நூலுக்கு அடியில் குனிந்து போவாள்." சத்தியமான உண்மை. ஒரு நெட்டைப் பையன் இதை அவர்கள் பாஷையில் சொன்னான். ஒரு பெண் விம்மினாள். எனக்குக் கூடக் கண்ணில் தண்ணி வந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. நன்றாக இருந்தது என்று இன்னொரு கூடாரத்துக்குக் கூப்பிட்டார்கள், பக்கத்து ஊர்க் கோயிலுக்குக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நூல் கொஞ்சம் தாழ்ந்தது, அம்மா கொஞ்சம் கூனினாள். கடைசி நாள் நூல் பட்டு அம்மாவின் நெற்றியில் ரத்தம் வந்தது. மூங்கிலைப் பற்றி மட்டும் ஒரு தடவையும் நான் சொல்லவில்லை.

அவர்கள் அதை முகாம் பத்திரிகையில் என் படத்தோடு போட்டு, ஆங்கிலத்தில் ஒரு பிரதியை எங்கள் போதகருக்கும் அனுப்பிவிட்டார்கள் என்பது ஊருக்குத் திரும்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த இடம், எனக்கு நடந்த வரவேற்புக் கூட்டம். மேடையில் மாலையோடு உட்கார்ந்திருக்கிறேன். நான் தெருவுக்கே பெருமை சேர்த்தவள் என்பதால் தெரு முழுக்க வந்திருந்தது. முன்வரிசையில் எதிர்வீட்டு அண்ணாவும் அவர் சம்சாரமும், பக்கத்தில் அம்மா. போதகர் பத்திரிகையை விரித்து, தமிழாக்கி, நடு நடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அந்த மனுஷருக்குத் தோன்றவே இல்லை. அவர் ஊர் திருநெல்வேலி; பாவு என்றால் என்ன என்றே அவருக்குத் தெரியாது.

ரத்தம் வந்த இடத்தில் அம்மா தன் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அண்ணா அசையவில்லை. எல்லோரும் கை தட்டியபோது, சபை மரியாதை அதுதான் போலிருக்கிறது என்று அவரும் தட்டினார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. அது விழுங்கவில்லை, சங்கத் தலைவர் எழுந்து நன்றியுரை சொல்ல ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "ஏண்டி, எனக்கு எப்போ ரத்தம் வந்துச்சு?" நான் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அம்மா விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டுக்குப் போனேன். அண்ணா தறியில் இருந்தார். என்ன சொல்வது என்று இரவு முழுக்க யோசித்து வைத்திருந்ததெல்லாம் வாசற்படியிலேயே மறந்துபோனது. "அண்ணா, அங்க நான் சொன்னது… அது அப்படி இல்ல" என்றேன்.

"இன்னா அப்படி இல்ல? ஞாயித்துக்கெழம பாவு நீட்டறது நெசந்தானே. அம்மா குனிஞ்சிக்கினு போறதும் நெசந்தானே." ஊடை நூல் சுற்றிய நாடாவை ஒரு தடவை தள்ளினார். "ரத்தம் வந்தது மட்டும்தான் எனக்கு நெனப்பு இல்ல. எப்பம்மா பட்டுச்சு?"

"படலண்ணா."

"ஓ" என்றார். நாடா இந்தப் பக்கம் வந்தது, அந்தப் பக்கம் போனது. அவர் திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் திட்டவில்லை. "அது கெடக்கட்டும். வயசானவங்க, இத்தினி வருசமா குனிஞ்சிக்கினே போய்க்கினு இருக்காங்க. கஷ்டமா இருக்குமேன்னு எங்களுக்குத் தோணவே இல்ல பாரு. ஒரு வார்த்த இங்க சொல்லியிருக்கலாம்மா. அம்மாந்தூரம் போய்ச் சொல்லணுமா?"

அழுதுவிட்டேன். அவர் சம்சாரம் காப்பி கொண்டுவந்து வைத்தார். அந்த வீட்டில் எனக்கு எப்போதும் பெரிய டம்ளரில்தான் காப்பி வரும். அன்றும் பெரிய டம்ளரில்தான் வந்தது.

அடுத்த ஞாயிறு அம்மா வழக்கமான நேரத்துக்கு வாசலில் இறங்கினாள். தெரு காலியாக இருந்தது. கழி இல்லை, கஞ்சிப் பானை இல்லை, பிள்ளைகள் இல்லை. கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். எதிர்வீட்டு வாசலில் அண்ணா வெள்ளை வேட்டியோடு நின்றிருந்தார்.

"இன்னாபா, இன்னிக்கு யாரும் பாவு நீட்டலியா?" என்று அம்மா கேட்டாள்.

"திங்கக்கெழமைக்கு மாத்திக்கினோம்மா. தெருவுல எல்லாருமா பேசித்தான். நீங்க தாராளமா போய்ட்டு வாங்க."

"எனக்கு இன்னாபா கஷ்டம்? நான் கேட்டேனா?"

"இருக்கட்டும்மா" என்று கும்பிட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

நாங்கள் தெருவின் நடுவில் நடந்து போனோம். வழியில் பேச ஆளில்லை. முதல் மணி அடிக்கும் முன்பே போய்ச் சேர்ந்து, காலி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். விஷயத்தைக் கேள்விப்பட்ட போதகருக்கு நிலைகொள்ளவில்லை. நம் சகோதரியின் சாட்சியால் அடைபட்ட வழி திறந்தது என்று பிரசங்க பீடத்திலிருந்தே அறிவித்தார். அன்றைக்கே ஜெர்மனிக்கும் எழுதிவிட்டார். நடந்தது இதுவல்ல என்று அவரிடம் சொல்லப் போனேன். "தாழ்மை நல்லதும்மா, ஆனா மிஞ்சக் கூடாது" என்று அனுப்பி வைத்தார்.

திங்கட்கிழமை காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது பாவு நீண்டிருக்கும். பிள்ளைகள் அப்போது பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். பத்துப் பேர் செய்த வேலையை ஐந்து பேர் ஓடி ஓடிச் செய்வார்கள். மூங்கிலைப் பிடிக்க அவர்களுக்கு ஏது கை? நான் நன்றாகக் குனிந்து, பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அடியில் போவேன். ஜெர்மனியில் நான் சொன்னதெல்லாம் இப்போதுதான் ஒவ்வொன்றாக உண்மையாகிக்கொண்டிருந்தது.

இரண்டு மாதம் கழித்து முகாம் பிள்ளைகளிடமிருந்து கடிதம் வந்தது. ஐம்பது கையெழுத்து, ஓரத்தில் பூப் படம். உங்கள் தெரு திறக்க வேண்டும் என்று தினமும் ஜெபித்தோம், திறந்துவிட்டது என்று கேட்டு ஆனந்தப்பட்டோம் என்று எழுதியிருந்தார்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நல்ல பிள்ளைங்கதான்" என்றாள். "அவங்க கேட்டா நடக்குதுல்ல? திரும்ப மூடச் சொல்லி ஒரு ஜெபம் பண்ணச் சொல்லு."

அன்றைக்கே எழுதினேன். மூங்கில், காப்பி, அம்மாவின் நெற்றி எல்லாவற்றையும் எழுதி, நான் சொன்னது பொய் என்றும் எழுதினேன். அதை அவர்கள் பத்திரிகையில் போடவில்லை. பதிலும் வரவில்லை. அம்மா மட்டும் தபால்காரரிடம் வெகு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.