மோர்டனில் ஒரு பனி ஸ்கூட்டர்

நோர்வேயிலிருந்து, பனி அரிதாகவே விழும் எங்கள் மோர்டனில் என் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர், பனியில் ஓட்டும் பழைய ஸ்கூட்டர் ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். ஒல்லியான மனிதர், நகங்களில் எப்போதும் கிரீஸ். சனிக்கிழமைகளில் கராஜைத் திறந்து, கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டுவார். பிறகு, ஜூன் மாத வெயிலிலும் தடித்த ஜாக்கெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் ஸ்டார்ட் கயிற்றை இழுப்பார். எஞ்சின் இருமிவிட்டு அடங்கிவிடும். பெற்றோல் மணம் என் சமையலறைவரை வரும். எங்கே தீப்பிடித்துவிடுமோ என்று நான் வேலியோரம் வந்து நிற்பேன்.

ஒருநாள் அது உறுமிக்கொண்டு ஸ்டார்ட் ஆனது. எனக்கு மூச்சு வந்தது. அவரோ உடனே நிறுத்திவிட்டார்.

“ஏன் அண்ணை நிப்பாட்டினீங்கள்?”

“வீட்டிலை ஒருக்கா ஸ்டார்ட் ஆகிறது காணாது, தம்பி. நடுவழியிலை நிண்டாத் திருப்பி ஸ்டார்ட் ஆகவேணும். அங்கை பனிக்குள்ளை ஒரு வீடும் கண்ணுக்குத் தெரியாது.”

மறுபடி இழுத்தார். அசையவில்லை. கை ஓயும்வரை இழுத்தார். பிறகு முகம் வெளிறி, வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார், நடக்கவேண்டிய தூரத்தை அளப்பவர்போல.

அவருடைய வீட்டுக் கதவு பின்னால் திறந்துதான் கிடந்தது.