இசக்கிதுரையின் நல்ல ரத்தம்

மும்பை மாட்டுங்காவில் லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு முப்பது வருஷம் கேஸ் சிலிண்டர் சுமந்தவர் இசக்கிதுரை. தோளில் சிலிண்டர், வாயில் வெற்றிலை, நாலு மாடி ஏறினாலும் மூச்சு வாங்காது. சும்மா சொல்லக்கூடாது, பார்க்கவே அழகாக இருக்கும். போன வருஷம் மாரடைப்பு வந்தது. இப்போது தாராவியில் தன் வீட்டு மேல் அறைக்கு ஏழு படி ஏறுவதற்குள் இரண்டு தடவை உட்காருகிறார்.

ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. எலும்பு மஜ்ஜையிலிருந்து செல் எடுத்து, நலிந்த இதயத்தில் செலுத்துவார்கள். எல்லோருக்கும் அது பலிக்காது. யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே அறிய, ரத்தத்தில் சில புரதங்களின் அளவைப் பார்ப்பார்களாம். "ரத்தம் சரியா இருந்தாத்தான் சேர்த்துப்போம்" என்றார் டாக்டர் ஸ்மிதா. அதைக் கேட்ட மனைவி பூமாரி, இது பரீட்சை என்றே முடிவு கட்டிவிட்டாள்.

பிறகென்ன, ரத்தம் எடுக்கும் நாள்வரை பத்து நாளும் வீட்டில் சுவரொட்டிக் கறிதான். அந்த ஆட்டு மண்ணீரலை மிளகு போட்டு வதக்கி முன்னால் வைப்பாள். கறிக்கடை சைஃப் தினமும் அவளுக்கென்று எடுத்துவைத்தான்.

"மிச்சம் வைக்காதிய. ரத்தம் ஊறணும்லா."

"ஏட்டி, பரீட்சை எனக்கா, ஒனக்கா?"

"ரெண்டு பேருக்குந்தான்."

மூத்தவள் மாரிசெல்வி பிறந்தபோது பூமாரி வெளுத்துப்போய்க் கிடந்தாள். பக்கத்தில் பெரியவர்கள் யாருமில்லை. வேலை முடிந்து வந்து இசக்கிதுரைதான் சுவரொட்டி வதக்கினார். வதக்கினார் என்ன, கருக்கினார். "கரியத் திங்கச் சொல்லுதியளா" என்று கேட்டுக்கொண்டே அவர் கையால் அத்தனையும் வாங்கித் தின்றாள். பத்துக்குப் பத்து அறை, தகரக் கூரையில் மழை, மடியில் பிள்ளை. அப்படியொரு சந்தோஷம் அவருக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை.

ரிப்போர்ட் வந்த அன்று பூமாரி மருந்து வாங்கும் வரிசையில் நின்றாள். ஸ்மிதா அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"இந்த அளவெல்லாம் பார்த்தா, செல் வெச்சாலும் உங்க ஹார்ட்டுக்குப் பிரயோஜனம் இருக்காதுன்னு தோணறது. வீணா உடம்பை நோகடிக்க வேண்டாம். மாத்திரையை விடாம சாப்பிடுங்கோ."

"சாப்பாட்டுல கொறையா டாக்டரம்மா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

அவர் கும்பிட்டுவிட்டு எழுந்தார். இனி வீட்டின் அந்த ஏழு படியும் அப்படித்தான், அது போகட்டும். சம்பந்தம் இல்லை என்றால் பூமாரி நம்புவாளா? தன் கைப்பக்குவத்தில்தான் குறை என்று காலமெல்லாம் மருகுவாள்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "என்ன சொன்னாவ?"

சின்னச் சின்னப் பொய்கள் அவளிடம் நிறையவே சொல்லியிருக்கிறார். இது மட்டும் வாயில் வர நேரம் பிடித்தது.

"ரத்தம் அருமையா இருக்காம். எடந்தான் நெறஞ்சுபோச்சாம்."

அவள் முகம் வாடியது. மருந்துப் பையின் வாயை இறுக முடிந்தாள். பிறகு மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

"எடத்துக்கு நாம என்ன செய்ய? ரத்தம் நல்லாருக்குல்லா, அது போதும்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். பத்தடி போன பிறகுதான் நினைவு வந்து, திரும்பி நின்று, அவர் வந்து சேரும்வரை காத்திருந்தாள்.